தகர டப்பாப் படத்தில் விழாத உங்கள் தங்கை

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அங்கு தாங்களும், சென்ற வியாழக்கிழமை துணிப்பையோடு வந்து இறங்கியிருக்கும் உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நடந்ததை அவள் தன் பக்கமாகச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டு, நியாயத்தை எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொன்னவளே அவள்தான். அதனால்தான் லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியாகப் படம் பிடிக்கும் கேமராவை நானே செய்யத் தொடங்கினேன். இதற்கு இருட்டான ஒரு டப்பா, அதில் ஒரு துளை, உள்ளே வெளிச்சம் பட்டால் உருவம் பதியும் ஒரு படத்தாள் போதும். டப்பாவுக்காகச் சர்க்கரையைப் பாத்திரத்தில் கொட்டினேன், எறும்பு வந்தது, எறும்பை நானா கூப்பிட்டேன்? துளை சுத்தமாக விழ வேண்டுமே என்று அவளுடைய தையல் ஊசிகளை எடுத்தேன், நாலைந்து முறிந்தன, படத்தாளை இருட்டில்தான் கழுவ வேண்டும் என்பதால் குளியலறை ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி தேடினேன், வீட்டிலிருந்த ஒரே கறுப்புத் துணி அவள் குடையில் இருந்தது. அன்னைக்குப் பார்த்து மழை கொட்டும்னு யாருக்குத் தெரியும்? தொப்பலாக நனைந்து வந்து குளியலறைக் கதவைத் தட்டினாள். "திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் பாழாப் போயிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னு உள்ளேயிருந்து மரியாதையாகத்தான் சொன்னேன். பொறுத்துக்கொண்டாள். அதையும் எழுதிவிடுகிறேன், நான் நியாயம் தப்பாதவன்.

வினை வந்தது படம் வந்த பிறகு. டப்பாவைச் சமையலறை அலமாரி மேல் வைத்து, துளையை மூடியிருந்த டேப்பை உரித்துவிட்டு, அரை மணி நேரம் அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அவள் அந்த நேரத்தில் சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், தரையைத் துடைத்தாள். படத்தைக் கழுவி எடுத்தால் அடுப்பு, குழாய், தொங்குகிற கரண்டி எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. நாற்காலியில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நான். பெருமை தாங்காமல் அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் எங்கங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "நீ ஒரு இடத்துல நின்னாத்தானே? ஆடாம அசையாம இருக்கறதுதான் இதுல விழும். ஓடிக்கிட்டே இருந்தா எப்படி விழும்?" என்று விளக்கினேன்.

"உக்காந்திருந்த நீங்க இருக்கீங்க. ஓடியாடி வேலை பாத்த நான் இல்ல. உங்க டப்பாவும் உங்கள மாதிரியேதான் பாக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள்.

மச்சான், இது விஞ்ஞானம். சூரியன் ஏன் கிழக்கே உதிக்குதுன்னு கேட்டு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? வீடு வெறிச்சுன்னு கிடக்கு. நாலு நாளா ரொட்டியும் தண்ணியுமா காலம் தள்றேன். திரும்பி வந்து அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சம்மதித்தால், அவளைத் தனியாக ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டித் தருவதாக என் சார்பில் தாங்கள் வாக்குக் கொடுக்கலாம்.

தங்கள் துணைவியார் அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், உங்கள் தங்கைக்கு அவள் ஏற்கும் நேரம் பார்த்து என் அன்பையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்கு முன், மிச்சமிருந்த ஒரே படத்தாளைப் போட்டு டப்பாவை அதே இடத்தில் வைத்தேன். குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்தேன், அடுப்பைத் துடைத்தேன், எதையோ சமைத்தேன், அது கருகியது, மறுபடியும் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் காலி நாற்காலி இருக்கிறது, நான் இல்லை. இடுப்பு வலி மட்டும் இருக்கிறது. விஞ்ஞானம் எதையும் அவளுக்கு விளக்க வேண்டாம். அனுப்பவும் வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். திட்டுவாள், திட்டட்டும். இந்நேரம் உங்கள் வீட்டிலும் அவள் சமையலறையில்தான் நின்றுகொண்டிருப்பாள், எனக்குத் தெரியும். கூப்பிட்டு உட்கார வையுங்கள் மச்சான். படம் எடுக்க இல்லை, சும்மா.