புதுப் பதிப்பும் நீலக்கிளியும்

சிவகாசி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை பாலகுரு அவர்களுக்கு,

மாமனார் சங்கிலிமுத்து எழுதுவது. இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை முருகம்மாளும் சுகம். கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. போனில் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் கையாலேயே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது "வைரஸே வராது மாமா" என்று என் லேபிள் டிசைன் கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். அதுவும் வாயில்லாப் பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் அதுவாகவே, புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா என்று கேட்டது. தீபாவளி சீசன், எல்லாமே புதுசாக இருக்கட்டுமே என்று அமுக்கிவிட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் திரையில் கீழே இருந்த சின்னச் சின்னப் படமெல்லாம் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பிரிண்டர் யாரென்றே தெரியாது என்கிறது, அணைத்துத் தொலைக்கலாம் என்றால் அணைக்கிற பட்டனைக் காணோம். நான் தேடுவதைப் பார்த்த உங்கள் அத்தை, "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

மறுபடி போட்டதும், கண்ணுக்கு இதமான வெளிச்சம் வேண்டுமா என்று கேட்டது. இந்த வயதில் என்னை யார் அப்படிக் கேட்கிறார்கள்? நெகிழ்ந்துபோய் 'வேண்டும்' என்றேன். அங்கேதான் வினை. மத்தாப்புக் கம்பெனி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி ஆர்டர் கொடுத்த பச்சைக்கிளி லேபிளைத் திறந்தால், கிளி காமாலை வந்ததுபோல் மஞ்சளடித்துக் கிடக்கிறது. பழைய பச்சை திரும்புகிற வரைக்கும் நீலத்தை ஏற்றினேன், ஏற்றினேன், அப்படி ஏற்றினேன். பிரிண்டர்தான் ஓடவில்லையே, மாதிரி பார்க்காமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சள் திரையில் இருந்தது, கிளியில் இல்லை என்பது லேபிள் லோடு நீலமாக வந்து இறங்கிய பிறகுதான் புரிந்தது.

அண்ணாச்சி கடைவாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏய்யா, நான் பச்சைக்கிளி கேட்டா, நீரு வெசங்குடிச்ச கிளிய அடிச்சு வச்சிருக்கீரு!" இந்த சீசன் போச்சு, அண்ணாச்சியும் போச்சு என்று நிற்கிறேன், அவரோடு வந்திருந்த வடக்கத்தி ஏஜெண்ட் ஒரு லேபிளைத் தூக்கி வெயிலில் பிடித்தார்.

"பச்சா கிளி எல்லார்கிட்டேயும் இருக்கு. நீலா கிளி யார்கிட்டேயும் இல்லே. எனக்கு இதான் வேணும்."

அண்ணாச்சி முகம் மாறிய வேகத்தைப் பார்க்கணுமே! "பின்னே? நான்தானே வித்தியாசமாப் பண்ணச் சொன்னேன்!" என்று என் தோளில் கைபோட்டார். உங்கள் அத்தை மோர் கொடுத்து என்னை உட்கார வைத்தாள்.

ஒரு தடவை தப்பித்தேன், மாப்பிள்ளை. மறுதடவை தப்பிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து பழைய பதிப்பையே போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கி ஆனைக்குட்டம் அணையில் போட்டுவிடுவேன். மகள் மாரிசெல்வியும் நீங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டும்,

சங்கிலிமுத்து

பி.கு.: வர வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது அண்ணாச்சி போன் செய்தார். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் இதே லினக்ஸ், இதே புதுப் பதிப்பு வேண்டுமாம், நான்தான் போட்டுத்தர வேண்டுமாம். "அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருங்கள்.