குடிக்காமல் வைத்த காப்பி

நுவைபா
வெள்ளிக்கிழமை காலை

ஐன் குத்ரா சோலையில் இருக்கும் மதிப்பிற்குரிய ஹாஜி ஃபுரைஜ் அவர்களுக்கு, ஜீப் ஓட்டும் ஸுவைலிம் பணிவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வீட்டாரும் ஆடுகளும் ஒட்டகங்களும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். முதலில் "மாமா" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அந்த உரிமை எனக்கு உண்டா இல்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இன்று மாலை தஹபிலிருந்து உங்கள் மகளைப் பெண் கேட்டு வருகிறார்களாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்பும் கொள்ளவில்லை, சோறும் இறங்கவில்லை.

நேற்று நான் சுற்றிக்காட்டக் கூட்டிவந்த இத்தாலிக்காரர்கள் வெறும் சாக்குதான். பெண் கேட்பதற்காக என் சித்தப்பா ஸப்பாஹும் கூடவே வந்தார். ரோட்டு வழியாக வந்திருந்தால் வம்பில்லை, ஆனால் வந்தவர்கள் வெள்ளைப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் காசு கட்டியிருந்தார்கள், சித்தப்பாவோ நானும் கயிற்றைப் பிடித்து இறங்குவேன் என்று புது அங்கியோடு இறங்கி, இடுக்கில் மாட்டி, முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை கிழித்துக்கொண்டார். "கிழிஞ்ச துணியோட பொண்ணு கேக்கப் போனா, பிச்சை போட்டு அனுப்புவாங்கடா" என்று பள்ளத்தாக்கின் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். என் தலைத்துணியைப் போர்த்திக்கங்க என்று கெஞ்சினேன், மனுஷன் அசையவே இல்லை.

இந்தக் கூத்தையெல்லாம் ஒர்னெல்லா அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியும் ஓயாத வாயுமாக வந்தாரே, அவர்தான். என்ன என்ன என்று அவர் துளைக்க, இருந்த பதற்றத்தில் நானும் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். பெண் கேட்டுப் போகிறவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பார், கேட்டதைக் கொடுத்தேன் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார், இதிலே மாப்பிள்ளை வாயைத் திறக்கவே கூடாது என்பது வரைக்கும் சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம் உங்கள் பந்தலில் நடந்தது உங்களுக்கே தெரியும். அம்மாள் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்தார். நீங்களும் பெரிய மனிதராக, "குடிங்கம்மா, என்ன கேட்டாலும் குடுத்தாச்சு" என்றீர்கள். அவர் தன் மொழியில் நீளமாகச் சொன்னார். "என்னப்பா கேக்குறாங்க?" என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். எனக்குப் பெண் வேண்டும் என்று நானே எப்படிச் சொல்வது, அதுவும் திரைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கும்போது? "பேரீச்சம்பழம் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் மறுபேச்சில்லாமல் ஒரு கூடையை நிரப்பிக் கொடுத்தீர்கள். பொழுது சாயுது, கிளம்பணும் என்று நானே எல்லாரையும் விரட்டினேன். திரும்பும் வழியெல்லாம் அம்மாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே ஹாஜி, அந்த அம்மாள் கேட்டது பழம் இல்லை. எனக்காக உங்கள் மகளைக் கேட்டார். கேட்குமுன்பே நீங்கள் வாக்குக் கொடுத்தாயிற்று, உங்கள் வாக்கு தவறியதாக இந்தப் பாலைவனத்தில் யாரும் சொன்னதில்லை. கூடையைத் திருப்பி அனுப்புகிறேன். கொஞ்சம் குறைந்திருக்கும், சித்தப்பாவுக்கு வழியில் பசித்தது.

உங்கள் கிணறு வற்றாமலும் உங்கள் கோபம் நீளாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
ஸுவைலிம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஒர்னெல்லா அம்மாள் வந்து, "நான் பேரீச்சம்பழமா கேட்டேன்?" என்று கைத்தடியை ஓங்கினார். வாலிபத்தில் நீங்கள் இத்தாலிக்காரர் படகில் சமையல் வேலை பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் மற்றவர்களைக் கிளப்பப் போனபோது அவர் மொழியிலேயே சொன்னீர்களாம்: "நீங்க கேட்டது புரிஞ்சுது, குடுத்தும் ஆச்சு. அவன்தான் பழம் போதும்னுட்டான்." ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நிற்பேன். சித்தப்பாவைக் கூப்பிடவில்லை, என் வாயாலேயே கேட்கிறேன். நான் வரும்வரை அந்தத் தஹப்காரர்களுக்குக் காப்பி மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.