இரண்டாவது ரிமோட் பற்றிய என் கருத்து

அறந்தாங்கி,
ஞாயிற்றுக்கிழமை.

குவைத்தில் இருக்கும் தம்பி எழிலரசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சிவரஞ்சனியின் மாமனார் ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு நலம் என்று திருத்திக்கொள்கிறேன். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் எனக்கு வரிசை தவறிவிடும். ஆகவே சொல்லப்போவதை முன்கூட்டியே கீழே தருகிறேன்:

1. நலம் விசாரிப்பு. (மேலே முடிந்துவிட்டது. இதற்கு ஓர் எண் தேவையா என்பது சந்தேகமே.)
2. புதிதாக வெளிவந்த வீடியோ கேமை, வந்த சூட்டோடு வாங்கினால் அது நியாயமான விலையா என்பது.
3. ஒரு குழந்தைக்கு இரண்டாவது ரிமோட் தேவையில்லை என்பது.
4. மைக் அணைக்கப்படாமல் இருந்தது என்பது.
5. மன்னிப்பு. இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று என் மனைவி சொர்ணம் சொல்கிறாள். காரணங்களைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

இந்தத் தாளை உங்கள் தங்கைதான் படம் பிடித்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எனக்கு அது வராது. ஆகவே அவளும் படிப்பாள் என்ற அச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாரந்தோறும் கடைத்தெருவுக்குப் போய், துவரம்பருப்பு என்ன விலை, தேங்காய் என்ன விலை என்று கேட்டுக் குறித்து வருவதுதான் என் உத்தியோகம். வாங்குவதில்லை, கேட்பது மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. துக்க வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்கு நாள் வாடகை என்ன என்று கேட்டு, சொர்ணத்திடம் இடுப்பில் கிள்ளு வாங்கியவன் நான். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

பேத்தி கலைமதியின் காதுகுத்துக்கு நீங்கள் மீமிசலிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்த அழகை இன்றைக்கும் எங்கள் தெருவில் பேசுகிறார்கள். முன்னால் மேளம், பின்னால் தட்டுத் தட்டாகப் பழமும் இனிப்பும், பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, எல்லாம் முறைப்படி வந்தன. கடைசித் தட்டில் அந்த வீடியோ கேம் பெட்டி. உங்கள் பக்கத்துப் பெண்கள் அதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றிவிட்டிருந்தார்கள். அய்யனார் கோயில் வாசலில் எல்லாத் தட்டுகளும் என் முன்னால் இறங்கின. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, இது என்ன வெலை?"

நீங்கள் தயங்காமல் சொன்னீர்கள். கன்றோடு ஒரு பால்மாடு வாங்கலாம் என்று மனம் உடனே கணக்குப் போட்டது.

"புதுசா வர்றது ஆறு மாசத்துல எறங்குமே தம்பி, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

"காலையில ஏலத்துல எடுக்குற மீனும் மத்தியானம் வெலை எறங்கும் மாமா. ஆனா மத்தியானம் நாறுமே!"

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

(விலை விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். போன வாரம் இதற்கென்றே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி ஒரு கடையில் விசாரித்தேன். "ஒங்களுக்கா சார்?" என்றார் கடைக்காரர். விலை மட்டும் போதும் என்றேன். "இதெல்லாம் எறங்காது சார். முன்னால வந்த மாடலே நாளாக நாளாக ஏறித்தான் இருக்கு" என்றார். அப்படியானால் ஆரம்ப விலையே நியாய விலை. ஆனால் விளையாட்டுகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். அடுப்பை விற்றுவிட்டு நெருப்புக்குத் தனி விலை கேட்பது எப்படி நியாயமாகும்? இரண்டு பக்கமும் யோசித்தேன், முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது கருத்தை நிலுவையில் வைக்கிறேன்.)

சபை சிரித்து ஓய்ந்ததும், தட்டில் இருந்த இன்னொரு சிறிய பெட்டியைப் பார்த்தேன். கூடுதலாக ஒரு ரிமோட் என்று யாரோ சொன்னார்கள். சீர்வரிசையைப் படித்து அறிவிப்பதற்காக மைக்செட் அஜித் தம்பி மைக்கை என் முழங்கால் அருகில்தான் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. பணியில் இருந்த காலமெல்லாம் பியூனிடம்கூடக் குரலை உயர்த்தாதவன், உங்கள் காதோடுதான் சொன்னேன்:

"அது சரி தம்பி, மூனு வயசுப் புள்ளைக்கு இது ஒன்னே அதிகம். ரெண்டாவது ரிமோட்டு எதுக்கு? தண்டந்தானே?"

புளியமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களும் அதை ஊருக்கே சொல்லின. 'தண்டந்தானே' கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பி வந்தது. "பெருசு சரியாத்தான கேக்குது!" என்று பந்தியிலிருந்து ஒரு குரல். "ஐயா, மைக்கு ஆன்ல இருக்கு" என்றார் அஜித். அதையும் மைக்கிலேயே சொன்னார்.

நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். தங்கையைப் பார்த்தீர்கள். அவள் தரையைப் பார்த்தாள். நீங்கள் எழுந்து, வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டீர்கள். உங்களிடம் பதில் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தாய்மாமனுக்கு என்று போட்ட இலை அப்படியே கிடந்தது. தண்ணீர் தெளித்து, உப்பும் இனிப்பும் வைத்தாகிவிட்டது. அதில் வேறு யாரையும் உட்கார வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. சிவரஞ்சனி கடைசிப் பந்தி முடியும் வரை அந்த இலைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. வேளைக்குக் காப்பி வருகிறது. டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கிறாள். ணங்கென்று வைத்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். கேம் பெட்டி பீரோ மேல் பிரிக்காமல் இருக்கிறது, கதம்பம் காய்ந்து அதிலேயே தொங்குகிறது. அவள் போன் போட்டால் நீங்கள் "டூட்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்களாம். அங்கு லீவு நாளான வெள்ளிக்கிழமையும் டூட்டியா தம்பி? மகன் கண்ணன் என்னைத் திட்டவில்லை. "ஏம்ப்பா, ஒங்களுக்குத்தான் ரிட்டயர்டு குடுத்துட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டான்.

ஆகவே மன்னிப்புக் கேட்கிறேன். சபையில் விலை கேட்டதற்கு. மைக்கைக் கவனிக்காததற்கு. 'தண்டம்' என்ற சொல்லுக்கு. மூன்றாவது கருத்துக்காகக் கேட்க முடியவில்லை. எவ்வளவு யோசித்தும் அது சரியாகவே படுகிறது. நான் உறுதியாக இருப்பது அது ஒன்றில்தான். கோபம் என் மேல்தானே, அதற்குத் தங்கை என்ன செய்தாள்? அடுத்த லீவில் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் எதற்கும் விலை கேட்க மாட்டேன். சாப்பாடு முடியும் வரை என்னை மாடியில் வைத்துப் பூட்டிவிடுவதாகச் சொர்ணம் பொறுப்பேற்றிருக்கிறாள்.

அந்த வெயிலில் உங்கள் உடம்பும், எங்கள் மீது உங்கள் மனமும் காயாமல் இருக்க அய்யனாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள்
ஆத்மநாதன்

பி.கு. மேலே உள்ளதைப் படம் பிடிக்கக் கொடுத்தேன். சிவரஞ்சனி நின்றபடியே படித்தாள். நெடுநாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா, அது புள்ளைக்கு வாங்குனதில்ல. எனக்கு வாங்குனது. சின்னதுல எங்க வீட்டுல கேசட் போடுற டிவி கேம் இருந்துச்சு. அண்ணன் எங்கிட்ட ஒயரு அறுந்த ரிமோட்டக் குடுத்து, 'செவப்புக் காரு ஒன்னுது, அமுக்கு'ன்னு சொல்லும். ஒரு லீவு முழுக்க அமுக்குனேன் மாமா. அந்தக் காரு நான் ஓட்டலன்னு தெரிஞ்ச அன்னைக்குச் சாப்புடாமப் படுத்துட்டேன். 'அழுவாத, நான் சம்பாரிச்சு ரெண்டு ரிமோட்டும் ஓடுற மாதிரி வாங்கித் தாரேன்'னுச்சு. இத அம்புட்டுப் பேருக்கு முன்னால மைக்குல எப்புடிச் சொல்லும்?"

பிறகு பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கிக் கண்ணனிடம் கொடுத்து டிவியில் மாட்டச் சொன்னாள். கார் விளையாட்டு ஒன்றையும் நீங்கள் அதோடு வாங்கி வைத்திருந்தீர்கள். ஒரு ரிமோட்டைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை என் கையில் கொடுத்தாள். "செவப்புக் காரு ஒங்களுது மாமா, அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். கார் நன்றாக ஓடியது. எனக்கும் ஒரு திறமை இருக்கிறது என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் சிரிப்பை அடக்குவதைப் பார்த்த பிறகுதான், என் ரிமோட் ஆன் செய்யப்படவே இல்லை என்று தெரிந்தது.

நான் அமுக்கிக்கொண்டிருந்ததைக் கண்ணன் போனில் படம் பிடித்திருக்கிறான், அந்தப் படமும் இத்துடன் வரும். சிரிப்பு வந்தால் போன் போடுங்கள், எனக்கு அல்ல, அவளுக்கு. அந்த இரண்டாவது ரிமோட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், நீங்கள் வரும் வரை யாரும் தொடமாட்டோம். மூன்றாவது கருத்து தவறு.