தலையணைக் கடைக்கு ஒரு சின்னம்

தலையணைக் கடைக்காரருக்குக் கனவு வந்தால் லேசில் போகாது. பஞ்சு பறக்கிற கடையில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவர், கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பார். அப்படித்தான் ஒரு நாள், மேகத்தின் மேல் ஓர் அன்னம் தூங்குவதைக் கண்டார். மேலே நிலா. கீழே குளம். குளத்துக்குள் இன்னொரு நிலா.

"இதுதான் இனிமே நம்ம கடைச் சின்னம்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

அவள் தையல் மிஷினிலிருந்து தலை நிமிரவில்லை. உறை தைப்பதும், அதன் மூலையில் கடையின் அடையாளமாக விரல் அகலத் துணிப்பட்டை வைப்பதும் அவள் வேலை.

"பட்டையில இத்தனையும் எப்படிங்க அடங்கும்?"

"கலைக்கு அளவு கிடையாது."

"பட்டைக்கு இருக்கே. சின்னம்னா சின்னதாவும் இருக்கணும்ல?"

"தலையணை மந்திரம் ஓதாதே."

"தலையணை விக்கிறவர்கிட்ட வேற எதை ஓதுறது?"

மனைவியின் தம்பி போர்டு எழுதுகிறவன். கடை வாசலுக்குப் பெரிதாக வரைந்து கொடுத்தான். இறகு இறகாகத் தெரிந்தது. கடைக்காரர் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். அன்னம் மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவருக்கும் கண் சொருகியது.

அதையே சுருக்கிப் பட்டையில் அச்சடித்தார்கள். விடுதி மேலாளர் ஒருவர், அறைகளுக்கெல்லாம் தலையணை வேண்டுமென்று மாதிரி பார்க்க வந்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொக்கிப்போனார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"இது என்ன, கரப்பான்பூச்சியா?"

"அன்னம்ங்க."

"செத்துப்போச்சா?"

"தூங்குது."

"அது தூங்கும். பாக்கிறவங்க தூங்கமாட்டாங்க. வேற அடையாளம் போட்டுட்டுச் சொல்லுங்க, பேசலாம்."

கடைக்காரர் குளத்தை வற்றவைத்தார். நிலாவை அணைத்தார். மேகத்தைக் கலைத்தார். தனியே நின்ற அன்னம் ரப்பர் ஸ்டாம்பில் கழுத்து ஒடிந்து வாத்தானது. வெள்ளை உறையில் காணாமலே போனது. மனம் வெறுத்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, புதுத் தலையணைக் குவியலில் மல்லாந்து சாய்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் மிதந்தன. கொஞ்ச நேரத்தில் அவரும் மிதந்தார்.

எழுந்தபோது மனைவியின் மடியில் ஒரு கறுப்புத் துணி. அதில் தையல் சாக்பீஸால் ஒரே கோடு. தாழ்வாகக் கிளம்பி, பெரிதாக வளைந்து ஏறி, இறங்கி, ஒரு சின்ன மேட்டில் முடிந்தது.

"என்ன இது?"

"உங்களுக்கு என்னவாத் தெரியுது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "மலை. பக்கத்துல குட்டி மலை. விடியுறதுக்கு முன்னாடி, பனி இன்னும் விலகல. ஊரே போத்திப் படுத்திருக்கு. இப்பத்தான் கனவுல பாத்தேன். கோடு உன்னுதா இருக்கலாம், கற்பனை என்னுது."

"எல்லாம் உங்களுதுதாங்க" என்றாள் அவள் அடக்கமாக.

பட்டையில் அது பளிச்சென்று விழுந்தது. ஸ்டாம்பில் உடையவில்லை. கறுப்பில் வெள்ளையாகவும் வெள்ளையில் கறுப்பாகவும் நின்றது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு ஒரு நீளக் கொட்டாவி விட்டார். எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். அன்று முதல் கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கடைக்காரர் தம் மலையைப் பற்றி, குரலைத் தாழ்த்தி, பனி படியப் படியப் பேசினார்.

வாசல் போர்டை மாற்ற மைத்துனன் வந்தான். ஏணிமேல் நின்று வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான்.

"மலை இன்னும் கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்" என்றார் கடைக்காரர் கீழேயிருந்து.

மைத்துனன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"பெரிய மேடுதான் மாமா சரியா வரமாட்டேங்குது. அசலைப் பாத்துப் போடுன்னு அக்கா சொல்லுச்சு. சட்டையைக் கழட்டிட்டுக் கொஞ்சம் மல்லாந்து படுங்களேன்."