கதவிடுக்கு அடைத்த அன்று கரடி வந்த விவரம்

அமிர்தி,
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை மரிய அருண் அவர்களுக்கு,

மாமா செல்வநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் உங்கள் அத்தை சாந்தாமேரியும் முழுசாக இருக்கிறோம். ‘நலமாக’ என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். நடந்ததை நினைத்து ‘முழுசாக’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாங்கள் எங்களுக்குக் கொடுத்த காருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். வேலூரிலிருந்து சதீஸ்குமார் என்ற பெயிண்டர் கம்ப்ரசரோடு வந்து, பலாமரத்தடியில் காரை நிறுத்தித் தேய்த்து முடித்தார். “சார், அடிப்பூச்சு பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி கதவு இடுக்கெல்லாம் அடைக்கணும். இல்லன்னா கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ள சாம்பல் அப்பின மாதிரி இருக்கும்” என்றார். தாலுகா ஆபீசில் காலமெல்லாம் உறை ஒட்டியவன் நான். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். டேப்பின் பாதியைக் கதவு நிலையில் ஒட்டி, மீதியைப் பசை வெளியே பார்க்க மடித்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினால், அது கதவின் உள்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கெல்லாம் பேப்பர். நானே அசந்துபோகும்படி ஒட்டினேன்.

“உள்ள உக்காந்து பாருங்க சார். வெளிச்சம் வர்ற இடத்துல பிரைமரும் வரும்” என்றார் சதீஸ்குமார். உட்கார்ந்தேன், சாத்தினார். உள்ளே கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்கு இன்னா பெருமை தெரியுமா மாப்பிள்ளை! “ஓட்டையே இல்ல, அடிச்சுக்கோங்க”ன்னு தமாஷுக்குக் கத்தினேன். அந்த ஆள் நிசமாவே அடிக்க ஆரம்பிச்சுட்டார். போனெட் பக்கம் புஸ்ஸுபுஸ்ஸுன்னு சத்தம், டேப் கிழியுமேன்னு கதவைத் திறக்காம நான் உள்ளேருந்து தட்டறது கம்ப்ரசர் இரைச்சல்ல கேக்கல. திடீர்னு எல்லாம் நின்னுச்சு. “சார், கரடி!”ன்னு ஒரு கத்து. அப்புறம் ஓடற சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல.

பலாப்பழம் பழுத்துக் கெடக்குது, அந்த வாசனைக்குத்தான் வந்திருக்கு. எனக்கு எதுவும் தெரியல, மூச்சு மட்டும் கேக்குது. முன்னாடி கேட்டுச்சு, பின்னாடி போச்சு, என் காதுகிட்ட வந்து நின்னுச்சு. நடுவுல இருக்கறது ஒரு கண்ணாடி, ஒரு நியூஸ்பேப்பர். ஜெபம் சொல்லலாம்னா மொத வரிக்கு மேல வரல. ஆரன் அடிக்கலாம்னா பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கார். வூட்டுக்குள்ளேருந்து உங்க அத்தை குரல்: “ஏங்க, வெளிய வந்துராதீங்க!”

“கதவு எந்தப் பக்கம்னே தெரியலடி!”

கார் முன்பக்கம் ஒரு அழுத்து அழுத்துச்சு பாருங்க, நான் சீட்டுக்கடியில போய்ட்டேன். அப்பதான் உங்க அத்தை செஞ்ச காரியம். அலுமினியத் தட்டைக் கரண்டியால அடிச்சுக்கிட்டே, “அந்த மனுசனைத் தொட்ட, தெரியும் சேதி!”ன்னு படியிறங்கி வந்துட்டா. கரடியைப் பார்த்து! கல்யாணம் ஆனதுலேருந்து அந்தக் குரலுக்கு நான் பயந்திருக்கேன். அன்னிக்கு அது காதுல தேன் மாதிரி விழுந்துச்சு. கரடியும் பயந்து காட்டுக்குள்ள போய்ட்டுது. டேப்பையெல்லாம் கிழிச்சுக்கிட்டு வெளிய விழுந்தேன். அவ என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, நானும் அழுதேன், தண்ணித் தொட்டி மேலேருந்து சதீஸ்குமாரும் அழுதார். ஈர பிரைமர்ல நகத்தோட ஒரு கை பதிஞ்சிருக்கு. பெயிண்டர் கம்ப்ரசரைக்கூட எடுத்துக்காம பஸ் ஏறிட்டார்.

மாப்பிள்ளை, ஒரே ஒரு வேண்டுகோள். இது என் பொண்ணு ஜெப்சிக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா உடனே வந்து, “காட்டோரத்துல இன்னும் இன்னா வேலை?”ன்னு எங்களைச் சென்னைக்கு அள்ளிட்டுப் போயிடுவா. ஏழாவது மாடி, மாப்பிள்ளை. லிஃப்ட்டுன்னாலே எனக்குக் குலை நடுங்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

பிள்ளைகள் நெற்றியில் எங்கள் சார்பாக ஆளுக்கொரு சிலுவை போடவும்.

இப்படிக்கு, ஆசீர்வாதத்துடன்,
செல்வநாதன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பிப் படியில் கால் வைத்தேன். மரத்தடியில் கறுப்பாய் ஏதோ அசைந்தது. உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். “இதுக்குப் போய் ஏன் உசிர விடறீங்க?” என்று உங்கள் அத்தை கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். யாருக்குடி என்றேன். “ஜெப்சிக்குத்தான். மாப்பிள்ளை நம்பர் என்கிட்ட ஏது?” என்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வேனோடு வருகிறாளாம்.