நாண்டியில் கருங்களிம்பு காத்த காதை

வாழிய கிர்ஸ்டி! ஆஸ்திரேலியாவின் பேலரட் நகர் பெற்றெடுத்த பெண்ணரசி, ஓராண்டு உலகைச் சுற்றுவோம் என்று உற்றாருக்கெல்லாம் பறைசாற்றிப் புறப்பட்டு, சமோவாவின் கொசுப்படையையும் தொங்காவின் கடற்சீற்றத்தையும் எங்குமே காயாத குழந்தைத் துணிகளையும் வென்று, கைக்குழந்தையை மார்பிலும் மூட்டையை முதுகிலும் கணவன் டேமியனின் முணுமுணுப்பைச் செவியிலும் சுமந்து வந்த அந்த வீரத்திருமகளின் புகழ் பாடுவோம். அவையோர் அமைதி காக்க, குறிப்பாக ஆர்ச்சி.

ஆர்ச்சி அவளுடைய மூத்த பிள்ளை, நான்கு வயது இளவரசன். தீவுதோறும் விருந்திட்டோர் முன் வாயை இறுக மூடி, ரொட்டியில் தடவிய வெஜிமைட் அன்றி வேறெதையும் தீண்டேன் எனச் சூளுரைத்த கொற்றவன். தார்நிறமும் உப்புக்கரிப்பும் கொண்ட அக்களிம்பு ஆஸ்திரேலியர் நாவுக்கு அமுதம். பிறர் நாவுக்குத் தண்டனை. கொண்டுவந்த புட்டிகள் எல்லாம் தீர்ந்து, எஞ்சியது ஒன்றே. அடுத்து ஜப்பான். இதுவும் போனால் பிள்ளை பட்டினி கிடப்பான் என்று கிர்ஸ்டி மெய்யாகவே அஞ்சினாள். ஆகவே பெட்டியை நம்பாமல் கைப்பையில் வைத்தாள். அதுவே வினையாயிற்று.

பிஜித் தீவின் நாண்டி விமான நிலையச் சோதனைவாயிலில், காதோரம் செம்பருத்தி சூடிய மெரேசேனி அம்மாள் காவல்தெய்வமாக எழுந்து புட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது போகாதும்மா. தடவுறதெல்லாம் தண்ணிக் கணக்கு, கைப்பையில ஆகாது."

"தண்ணியா? அக்கா, இது சாப்பாடு! கவுத்தாக்கூட விழாது, பாருங்க!"

"ரொட்டியில இருந்தா சாப்பாடு. புட்டியில இருந்தா தண்ணி. நான் என்ன பண்ணட்டும்?"

விமானமோ புறப்படக் கனைத்துக்கொண்டிருந்தது. கிர்ஸ்டியின் கண்கள் சிவந்தன, புருவம் நெரிந்தது.

"டேமியன்! ஓடிப்போய் ரொட்டி வாங்கிட்டு வா. கடையில இருக்கிற அத்தனையும்!"

"ரெண்டு நாள்ல காஞ்சு கல்லாயிடுமே, கிர்ஸ்டி."

"அந்த ரெண்டு நாளாவது சாப்பிடுவான்ல! ஓடு!"

மூண்டது பெரும்போர். கத்திக்கு அங்கே இடமில்லையாதலால் ஐஸ்கிரீம் குச்சியே வாளாக, கவிழ்த்த சோதனைத் தட்டே களமாக, தாய் தடவ, தந்தை மடிக்க, கைக்குழந்தை தன் பங்குக்கு ஒரு துண்டைத் தலையில் அப்பிக்கொள்ள, வரிசையில் நின்ற ரக்பிக் காளையர் "விடாதக்கா, தடவு!" என்று ஆர்ப்பரிக்க, புட்டியின் அடிவரை வழித்தெடுத்து, நெடிதுயர்ந்த ரொட்டிக் கோபுரத்தை இரு கைகளிலும் ஏந்தி, மூக்குநுனியில் கருந்திலகம் துலங்க வாயிலைக் கடந்தாள் அம்மறத்தாய். "இனி என் மகன் பசியறியான்!" என்று கூரை அதிர முழங்கி, மகனைத் தேடித் திரும்பினாள்.

ஆர்ச்சி மெரேசேனி அம்மாளின் மதியச் சாப்பாட்டிலிருந்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.