கூரைக்கா போட்ட சண்டை

கோபப்படுவதில் சேலம் ஜில்லாவிலேயே கூரைக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவும் சம்பளத்துக்காக அல்ல, வர்க்கமூலக் குறிக்காக.

ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் வேலை பார்த்த ஆபீஸ், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணையத்தில் மாதிரித் தேர்வு நடத்தியது. கணக்குக் கேள்விகளுக்குத் திருச்செங்கோட்டுக்காரரான இந்த அக்கா பொறுப்பு. ஒருநாள் ‘எக்ஸ் கூட்டல் ஒன்று’ முழுவதற்கும் மேலே ஓட வேண்டிய வர்க்கமூலக் கோடு, எக்ஸோடு நின்றுவிட்டது. அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஏனுங்க சார், பாதி ஊட்டுக்குக் கூரை போட்டா மீதிப் பேரு மழையில நனையறதுங்களா?"

அன்றிலிருந்து அவர் கூரைக்கா.

மேனேஜர் கண்ட வைத்தியம், சமன்பாடுகளைப் படம்பிடித்துத் தேர்வுப் பக்கத்தில் ஒட்டுவது. போனில் பெரிதாக்கினால் ஒரே புகைமூட்டம். கணக்குக்கென்றே உள்ள கணினிக் குறியீட்டில் எழுதினால் சமன்பாடும் எழுத்தைப் போலவே தெளிவாக வரும் என்று அக்கா மன்றாடினார். நேரமில்லை என்றார் மேனேஜர். வாழப்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில், மேனேஜர் மனைவியிடம் அக்கா போனை நீட்டி, எக்ஸின் தலையில் உள்ள இந்த அடுக்கு மூன்றா எட்டா என்று கேட்டார். அந்த அம்மா உற்றுப் பார்த்துவிட்டுப் பூஜ்ஜியம் என்றார்.

அப்புறம்தான் எடப்பாடியிலிருந்து, எங்கள் தேர்வை எழுதும் ஒரு பெண் கூப்பிட்டாள். பார்வை இல்லாதவள். கேள்வியைப் போன் வாசிக்கிறது, சமன்பாடு வந்தால் மட்டும் ‘இமேஜ்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறது என்றாள். ஒருத்திக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா என்றார் மேனேஜர். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கத்தவில்லை. மேனேஜர் போனிலேயே வாசிக்கும் வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேர்வு எழுதச் சொன்னார். ‘இமேஜ்’ என்றது போன். மறுபடியும் ‘இமேஜ்’. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"நீங்க தொறந்துட்டீங்க. அந்தப் புள்ள என்னங்க சார் பண்ணும்?"

மறுநாளே, ஒட்டின படங்களை எடுக்கச் சொன்னார் மேனேஜர். ஆபீஸ் மொத்தமும் உட்கார்ந்து சமன்பாடுகளைக் குறியீட்டில் எழுதினோம். ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் அக்காவிடம் திட்டு வாங்கினோம்.

எடப்பாடிப் பெண் மறுபடி கூப்பிட்டாள். எல்லாம் காதில் விழுகிறது, பாதிக்கு மேல் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றாள். அக்கா அவளையும் விடாமல் திட்டி, ஒவ்வொரு கணக்காகச் சொல்லிக் கொடுத்தார். போனை வைத்ததும் முகம் கழுவப் போனவர், வெகுநேரம் வரவில்லை.

அவருடைய டீ ஆறிவிடாமல் ஒரு தட்டு போட்டு மூடி வைத்தேன்.